மாருதி ஈகோவில் குடியிருக்க முடியுமா?

வாடகையும் அட்வான்ஸும் வேண்டாம், வேனிலேயே இருந்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் வண்டி ஈகோதான். 2010 முதல் விற்பனையில் இருக்கிறது. 2019-இல் மாருதியின் பழைய வேனான ஆம்னி நின்றுபோன பிறகு அந்த இடத்தையும் இதுவே பிடித்துக்கொண்டது. மூலைமுடுக்கில் உள்ள மெக்கானிக்குக்கும் இதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியும். வீடே வண்டியாக இருக்கும்போது இதைவிடப் பெரிய வசதி வேறில்லை, ஏனென்றால் வண்டி ஷெட்டில் நின்றால் அன்றிரவு தங்க இடமில்லை.

நம் முடிவை முன்னதாகவே சொல்லிவிடலாம். ஒருவருக்கு ஈகோ முழுமையான இருப்பிடம். இருவர் என்றால் இரண்டு வாரம் தாங்கும். அதற்குமேல் முன்சீட்டு பரணாக மாறி, தினமும் இறக்கி ஏற்றுவதே வேலையாகிவிடும்.

வண்டியின் நீளம் 3,675 மி.மீ., அகலம் 1,475, உயரம் 1,825. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால் கட்டிலின் உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உட்கார்ந்த நிலையில் தலைவரை ஒருவருக்குச் சுமார் 90 செ.மீ. வேண்டும். தரையிலிருந்து கூரைவரை அளந்து, அதில் 90-ஐயும் மெத்தையின் தடிமனையும் கழித்தால் மிஞ்சுவதே கட்டிலின் உயரம். ஓர் அடிகூட மிஞ்சுவது அரிது. அடியில் பெரிய பெட்டி வைக்கலாமென்று கட்டிலை உயர்த்துபவர்கள் கழுத்தை மடக்கிக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். டிரைவர் சீட்டு முன்னால் நகரும். ஆறடி ஆள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதே சரி.

கட்டிலுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட், கால்களுக்கு ஓரங்குலச் சதுரக் குழாய். படுக்கை இரண்டரை அடி அகலம் போதும், பக்கத்தில் நடக்க வழி விடுங்கள். பலகையில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 25 மி.மீ. துளைகள் போடுவதை விட்டுவிடாதீர்கள். உடல் சூட்டில் எழும் ஈரம் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் தங்கி, ஐப்பசி கார்த்திகை முடிவதற்குள் மெத்தையின் அடிப்பக்கம் பூசணம் பிடித்துவிடும்.

எதையும் வண்டியின் உடலில் வெல்டு செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே கட்டில் கழற்றி வைக்கும் சாமானாகவே இருக்கட்டும். இருக்கும் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குங்கள், அடியில் ரப்பர் துண்டு ஒட்டினால் கடகடப்பும் இராது. விலை குறைவென்று கார்கோ வகையை வாங்க வேண்டாம். அது சரக்கு வண்டியாகப் பதிவாகும், எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், பின்னால் ஆள் இருந்தால் சோதனையில் பதில் சொல்லவும் வேண்டும்.

இனி வெப்பம். ஈகோவின் பெரிய குறை இதுதான். எஞ்சின் முன்சீட்டுகளின் அடியில் இருப்பதால் ஓட்டி முடித்த பிறகும் அந்தச் சூடு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். படுக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். கூரையின் உட்பக்கம் 10 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டினால் மதிய வெக்கை நன்றாகவே அடங்கும். தெர்மாகோல் வேண்டாம், இடுக்கில் நீர் கோத்துத் தகரம் துருப்பிடிக்கும். மரவேலைக்கான சாதாரண ரப்பர் பசை சித்திரை வெயிலில் இளகி ஷீட் தலையில் விழும், அதிக வெப்பம் தாங்கும் பசை என்று கேட்டு வாங்குங்கள். சுவர்களில் ஒட்டத் தேவையில்லை, இரவில் அவை ஆறுவதுதான் நல்லது. கூரையில் ஓட்டை போட்டு மின்விசிறி வைக்கும் ஆசையும் வேண்டாம். அது ஒழுகும், சட்டச் சிக்கலும் சேரும். பக்கக் கதவை ஒரு சாண் திறந்து கொசுவலை கட்டி, எதிர்மூலையில் 12 வோல்ட் விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தாலே காற்று இழுக்கும்.

அப்படியும் மே மாதம் சமவெளியில் இரவு தூக்கம் வராது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போய்விடுவதே வழி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஏற்றத்தில் பின்சக்கர இயக்கம் நன்றாகவே கைகொடுக்கிறது. சி.என்.ஜி. வகையில் இழுவிசை 95 நியூட்டன் மீட்டர்தான், பெட்ரோலில் 104. கொல்லிமலையின் 70 வளைவுகளில் சாமானோடு ஏறும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

மின்சாரம்: ஒருவருக்கு விசிறி (20 வாட், 8 மணி), விளக்கு, போன், நான்கு மணி நேர லேப்டாப், எல்லாம் சேர்த்து நாளுக்குச் சுமார் 420 வாட்-மணி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கிறது, அதாவது மூன்று நாள். 200 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் 700 தரும். ஃபிரிட்ஜ் வைத்தால் இன்னும் 350 போய், கணக்கு கைமீறும். தயிரையும் காய்கறியையும் அன்றன்று வாங்கிக்கொள்வதே நம் பரிந்துரை. மழைக்காலத்துக்கு, ஓடும் வண்டியின் மின்சாரத்தை இந்தப் பேட்டரிக்கு அளவாக ஏற்றும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் அவசியம், ஒரு மணி ஓட்டத்தில் 240 வாட்-மணி ஏறும். அது இல்லாமல் நேரடியாக இணைத்தால் லித்தியம் பேட்டரி அளவுக்குமீறி இழுத்து, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

பலரும் சறுக்குவது வண்டியின் பேட்டரியிலிருந்து இந்தச் சார்ஜருக்கு வரும் ஒயரில். நான்கு மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் போகவர 0.7 வோல்ட் அதிலேயே தொலையும். 10 சதுர மி.மீ. போடுங்கள். வண்டி பேட்டரி, லித்தியம் பேட்டரி இரண்டின் பக்கத்திலும் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். லித்தியம் பேட்டரியை முன்சீட்டுக்குப் பின்னால் ஒட்டி வைக்காதீர்கள். எஞ்சின் சூட்டில் 45 டிகிரியைத் தாண்டினால் பல பேட்டரிகளின் பாதுகாப்புச் சுற்று சார்ஜை வெட்டிவிடும். பேட்டரி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே பின்கதவைத் தூக்கிவிட்டு அதன் நிழலில் வெளியே சமையுங்கள். தூங்கும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீருக்கு இரண்டு 20 லிட்டர் கேன் போதும், ஆளுக்கு ஒன்றரை நாள் நிம்மதியாகப் போகும், குளிப்பதை வெளியே வைத்துக்கொண்டால் மூன்று நாள். கழிவறைக்கு மூடியுள்ள வாளியும் தென்னை நார்க்கழிவும். சிறுநீரைத் தனியே பிடியுங்கள், கலந்தால் அம்மோனியா நெடி சீக்கிரமே எழும்.

பாதுகாப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016-இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஏர்பேக் இல்லாத ஈகோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஏர்பேக் உள்ள மாடலாகத் தேடுங்கள், தரை விரிப்பைத் தூக்கி மூலைகளில் துரு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். சாமான் ஏற்றிய பிறகு 80-க்கு மேல் ஓட்ட வேண்டாம், பக்கக் காற்றில் அலைபாயும். நின்று சமைக்கவும் உடை மாற்றவும் வேண்டும் என்பவர்கள் உயர்கூரை ஃபோர்ஸ் டிராவலர் வேன் பக்கம் போவதே மேல், ஆனால் பணம் பல மடங்கு. ஊருக்குள் சந்தில் நிறுத்தவும் முடியாது.