வலி ஊசியா, வலியில்லா ஊசியா?

குழந்தைக்கு ஆறாவது வாரம் நெருங்கும்போது வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இலவசமாகத் தடுப்பூசி போட்டுக்கொள்வதா, தனியார் மருத்துவமனையில் தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ‘வலியில்லா ஊசி’ போடுவதா? காசு கொடுத்தால் நல்ல மருந்து, இலவசம் என்றால் மட்டம் என்று பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அது தவறான கணக்கு.

அரசு தரும் பென்டாவேலன்ட் ஊசி தமிழகத்தில் 2011 டிசம்பரில் அறிமுகமானது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் அது ஒரே மருந்து. அதில் உள்ள கக்குவான் மருந்துதான் வலிக்கும் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம். கொல்லப்பட்ட முழுக் கிருமியும் அதில் இருக்கிறது. வலியில்லா ஊசியில் அந்தக் கிருமியிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த சில புரதங்கள் மட்டுமே இருக்கும். ஊசி குத்தும் வலி இரண்டிலும் ஒன்றுதான். அதன் பிறகு வரும் காய்ச்சல், தொடை வீக்கம், விடாத அழுகை ஆகியவையே முதலாவதில் அதிகம், இரண்டாவதில் குறைவு.

வலியில்லா ஊசி பிறந்த கதை ஜப்பானில் இருக்கிறது. 1974-75 குளிர்காலத்தில் முழுக்கிருமி ஊசி போட்ட பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததால் அங்கே அதை நிறுத்தி வைத்தார்கள். சிறிது காலத்தில் மீண்டும் தொடங்கியும் பெற்றோரின் அச்சம் போகவில்லை. அதற்கு முன் கக்குவான் இருமல் அங்கே ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. 1979இல் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் அந்த நோய் வந்து 41 பேர் இறந்தார்கள். 1981இல் அதே நாடு சுத்திகரித்த ஊசியைக் கொண்டுவந்தது. இரண்டு ஊசிகளில் எது என்று யோசிக்கலாம், ஊசியே வேண்டாம் என்ற வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த எண்களே போதும்.

வலியில்லா ஊசியின் குறை ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்கா 1990களில் முழுவதுமாக அதற்கு மாறியது. 2010இல் கலிஃபோர்னியாவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் இருமல் வந்தது. பத்துப் பச்சிளம் குழந்தைகள் இறந்தன. எல்லாத் தவணையும் முடித்த பள்ளிப் பிள்ளைகளும் நோயுற்றவர்களில் பலர். சுத்திகரித்த ஊசி தரும் பாதுகாப்பு சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடுகிறது என்பது ஆய்வுகளில் உறுதியாயிற்று. முழுக்கிருமி ஊசி போடும் நாடுகள் முதல் மூன்று தவணைக்கு அதையே தொடரட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான்.

ஓரிரு நாள் காய்ச்சலைத் தாங்கினால் நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். நான் முழுக்கிருமி ஊசியின் பக்கம்தான். காய்ச்சலுக்கு, குழந்தையின் எடைக்கேற்பச் செவிலியர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். அபூர்வமாகக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம், குழந்தை துவண்டு போகலாம். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படி நடந்த குழந்தைக்கு அடுத்த தவணை எந்த ஊசி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலியில்லா ஊசிக்கு நியாயமான இடம் அங்கே உண்டு.

அரசு ஊசியைப் பற்றிய அச்சம் வெறும் புரளியால் மட்டும் வந்ததில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தப் பெற்றோரின் துயரத்தைத் தள்ளிவிட்டு யாரும் பேசக் கூடாது. அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்கத்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடாதீர்கள். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். காட்டச் சொல்லிப் பாருங்கள், அது உங்கள் உரிமை.

தனியாருக்கும் சாதகங்கள் உண்டு. ஆறு நோய் ஊசியில் போலியோ மருந்தும் சேர்ந்திருப்பதால் ஒரு குத்து குறையும். முழுக்கிருமி வகையிலும் ஆறு நோய் ஊசி கிடைக்கிறது. குழந்தைநல மருத்துவரிடம் கேட்டால் சொல்வார். பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஆகியவற்றுக்கான ஊசிகள் அரசு அட்டவணையில் இல்லை. கையில் பணம் இருந்தால் இவற்றுக்குச் செலவிடுவதே மேல். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியை 2021 முதல் அரசே தருகிறது, அதற்கு வெளியே ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது ஒரு வழி. ‘அடுத்த மாதம் பணம் வந்ததும் வலியில்லா ஊசியே போட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுகிறார்கள். கக்குவான் இருமலில் உயிரிழப்பது பெரும்பாலும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகள். 6, 10, 14 வாரங்கள் என்று நாள் குறித்திருப்பதற்குக் காரணமே அதுதான். முதல் தவணையைத் தனியாரில் போட்டிருந்தாலும் அடுத்ததை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள். முன்பு எந்த ஊசி, எந்தத் தேதியில் போட்டது என்று பார்த்துத்தான் செவிலியர் அடுத்ததைத் தருவார்.