‘ஒரிஜினல் வேர்ட்’ என்று விற்கிறார்கள், கவனம்

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கணினி வாங்கப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

திருநெல்வேலியில் தட்டச்சு நிலையம் நடத்தும் என் அக்காவுக்கு நகரத்துக் கடையொன்று மடிக்கணினி விற்றது. ‘ஒரிஜினல் ஓபிஸ்’ என்று அதற்குத் தனியாகவும் பணம் வாங்கினார்கள். பற்றுச்சீட்டில் எழுதியதோ வெறுமனே ‘சொப்ட்வெயார்’.

பிறகு ஒருநாள், விலைமனு கேட்டு மின்னஞ்சலில் ஒரு வேர்ட் ஆவணம் வந்தது. அக்கா திறந்தார். வருகிற ஆவணத்தைத் திறப்பதுதான் அவருடைய தொழில். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகளும் அப்படித்தான் வருகின்றன. சில நாட்களில் அவருடைய முகவரியிலிருந்தே வாடிக்கையாளர்களுக்கு அதே ஆவணம் போகத் தொடங்கியது. பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களும் களவுபோயின.

கொழும்பில் கணினித் துறையில் இருக்கும் மச்சான் வந்து சோதித்தார். உள்ளே இருந்தது திருட்டு ஓபிஸ் 2010. மைக்ரோசொப்ட் 2020 ஒக்டோபரிலேயே ஆதரவை நிறுத்திய பதிப்பு. அந்தத் திருட்டு நிரல் பிடிபடக் கூடாதென்று, சி டிரைவ் முழுவதையும் வைரஸ் தடுப்பு பார்க்காதபடி விலக்கி வைத்திருந்தார்கள். புதுப்பித்தல்கள் நிறுத்தப்பட்டிருந்தன. இணையத்திலிருந்து வரும் ஆவணத்தை வாசிக்க மட்டும் அனுமதிக்கும் ‘புரொடெக்டட் வியூ’வையும் அணைத்துவிட்டார்கள். காவல்காரனை அனுப்பிவிட்டுப் படலையையும் திறந்து வைத்த வேலை இது.

ஆவணம் பயன்படுத்திய ஓட்டை, சமன்பாடு எழுதும் ‘ஈக்குவேஷன் எடிட்டர்’ என்ற பழைய நிரலில் இருந்தது. ஆவணத்துக்குள் இருக்கும் சிறு நிரலான மக்ரோவை இயக்கவா என்றுகூட அது கேட்காது, திறந்தாலே போதும். 2017 நவம்பரில் திருத்தம் வந்தது. 2018 ஜனவரியில் அந்த நிரலையே மைக்ரோசொப்ட் நீக்கியது. அக்காவின் கணினிக்கு இரண்டுமே வந்து சேரவில்லை.

கடைக்காரர் சொன்ன பதில்: “எல்லாக் கடைகளிலும் இப்படித்தான் போடுகிறார்கள், தங்கச்சி.” பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிட்டிருக்கிறோம்.

பணம் கொடுக்கும் முன் வேர்டைத் திறக்கச் சொல்லி, ‘அக்கவுண்ட்’ பக்கத்தில் எந்தப் பதிப்பு, யார் பெயரில் உரிமம் என்று பாருங்கள். அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். காசு போதாவிட்டால், வேர்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய லிப்ரே ஓபிஸ் இலவசம். பாமினி எழுத்துருவும் அதில் வேலை செய்கிறது. அதையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்காவிடமிருந்து அண்மையில் விலைமனு ஆவணம் வந்திருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். திறந்தவர்கள் வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள். வங்கிக் கணக்கினுடையதை முதலில்.