கீகிரான் கே2-வுக்கு மாற்றுக் கீகேப்: 104 இருந்தும் ஒன்று குறையும்

கீகிரான் கே2 (இரண்டாம் பதிப்பு) நல்ல கீபோர்டு. அதன் கூடவே வரும் கீகேப்புகள், அதாவது கீகளின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடிகள், அந்த அளவுக்கு நல்லவை அல்ல. மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்பதால், தினமும் தட்டச்சு செய்பவரின் கையில் ஸ்பேஸ்பாரின் நடுவிலும் ஏ, எஸ், ஈ எழுத்துகளின் மேலும் சொரசொரப்பு தேய்ந்து எண்ணெய் பூசியதுபோல் மினுங்கத் தொடங்கிவிடும். அது அழுக்கு இல்லை, மேற்பரப்பே வழவழப்பாகிவிட்டது. சோப்பு போட்டாலும் திரும்பாது, மாற்றுவதுதான் வழி.

இந்த மதிப்புரை, கடையில் கிடைக்கும் மூன்று வகைத் தொகுப்புகளில் எது கே2-வில் உண்மையாகவே உட்காரும் என்பதைப் பற்றியது. சாதாரண 104 கீ ஓஈஎம் தொகுப்பு, செர்ரி வடிவத் தொகுப்பு, எக்ஸ்டிஏ வடிவத் தொகுப்பு என்பவை அந்த மூன்று. ஓஈஎம், செர்ரி, எக்ஸ்டிஏ என்பவை கீகேப்பின் உயரத்தையும் சாய்வையும் குறிக்கும் வடிவப் பெயர்கள்.

முதலில் தண்டு, அதாவது ஒவ்வொரு கீயின் அடியிலும் உள்ள ஸ்விட்ச்சில் கீகேப் மாட்டும் முனை. கீகேப்பின் அடியில் கூட்டல் குறி போன்ற பள்ளம் இருந்தால் அது செர்ரி எம்எக்ஸ் வகைத் தண்டுக்கானது; செர்ரி வடிவம் என்பது வேறு. கேட்டரான், கைல், அவுட்டெமு, அக்கோ ஸ்விட்ச்சுகளில் பெரும்பாலானவை இதே தண்டுதான், கே2-வும் அப்படியே. இரண்டு கால் கொண்ட கைல் சாக் முதல் பதிப்பு, பழைய ஆல்ப்ஸ், டோப்ரே ஆகியவற்றுக்கு இந்தக் கீகேப்புகள் சேராது. தண்டு பொருந்தினால் எல்லாம் பொருந்திவிடும் என்று நம்பி வாங்குவதில்தான் பணம் வீணாகிறது.

அளவுகளை 'யூ' என்ற அலகில் சொல்வார்கள். ஓர் எழுத்துக் கீயின் இடம் 1யூ, அதாவது 19.05 மி.மீ. கே2-வின் இடப்பக்கம் எந்தத் தொந்தரவும் இல்லை: டேப் 1.5, கேப்ஸ் லாக் 1.75, இட ஷிஃப்ட் 2.25, கீழ்வரிசையில் மூன்று 1.25, ஸ்பேஸ்பார் 6.25. பேக்ஸ்பேஸ் 2, எண்டர் 2.25 என்பவையும் எல்லாத் தொகுப்பிலும் உண்டு. சிக்கல் வலப்பக்கத்தில். அம்புக்குறிகளை நெருக்கி வைப்பதற்காக வல ஷிஃப்டை 2.75-இலிருந்து 1.75 ஆகக் குறுக்கியிருக்கிறார்கள். ஸ்பேஸ்பாருக்கு வலப்புறம் உள்ள மூன்றும் 1.25 அல்ல, 1யூ.

சாதாரண 104 கீ தொகுப்பைக் கே2-வின் 84 கீகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது மிச்சம் வர வேண்டும். ஆனால் வல ஷிஃப்டுக்கு ஆள் இல்லை. 104-இல் 1.75யூ கீகேப் ஒன்றே ஒன்றுதான், அது கேப்ஸ் லாக். 2.75யூ ஷிஃப்டை வைக்க இடமே கிடையாது, பக்கத்து மேல் அம்புக்குறியின் இடத்தில் ஒரு முழு யூ நீட்டிக்கொள்ளும். வலப்பக்கத்து மூன்று சிறு கீகளுக்கு எண்பகுதியின் 1, 2, 3 கீகேப்புகளை வைக்கலாம். உயரம் ஒத்துப்போகும், எழுத்து மட்டும் தப்பாக இருக்கும். ஷிஃப்டுக்கு அந்த வழியும் இல்லை. பழைய ஷிஃப்டையே விட்டுவைத்தால் நிறம் வேறாகத் தெரியும், புதியதெல்லாம் சொரசொரப்பாக இருக்க அது மட்டும் பளபளக்கும். ஆகவே '104 கீ, எல்லா கீபோர்டுக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் கே2 வைத்திருப்பவர் அதை நம்பவேண்டாம். எண்ணிக்கையைப் பார்க்காமல், படத்தில் 1.75 ஷிஃப்ட் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக அது படத்தின் கீழ் மூலையில், எஞ்சிய கீகளோடு கிடக்கும்.

அடுத்தது வரிசை உயரம். செர்ரி, ஓஈஎம் இரண்டு வடிவத்திலும் ஒவ்வொரு வரிசைக்கும் சாய்வும் உயரமும் வேறு. எண் வரிசை ஆர்1, க்யூ வரிசை ஆர்2, ஏ வரிசை ஆர்3, இசட் வரிசை ஆர்4 என்று கணக்கு. முழு அளவுக் கீபோர்டில் ஹோம் எண் வரிசையிலும் எண்ட் க்யூ வரிசையிலும் இருக்கும், எனவே தொகுப்பில் அவை ஆர்1, ஆர்2 ஆக வரும். கே2-விலோ ஹோம் ஏ வரிசையில், எண்ட் இசட் வரிசையில். ஆர்1 ஹோமை அங்கே வைத்தால் எண்டர் கீக்குப் பக்கத்தில் சின்னத் திண்ணைபோல் எழும்பி நிற்கும், சாய்வும் பொருந்தாது. கண்ணுக்கு ஒரு குறை, விரலுக்கு அதைவிடப் பெரிய குறை. பேஜ் அப், பேஜ் டவுன் இரண்டும் தப்பித்துக்கொள்கின்றன, முழு அளவுக் கீபோர்டிலும் கே2-விலும் அவற்றின் வரிசை ஒன்றேதான்.

செர்ரி வடிவத்தில் கே2-வுக்கென்றே இன்னொரு இடர் உண்டு. இதன் எல்ஈடி விளக்குகள் ஸ்விட்ச்சின் மேற்புறம், அதாவது திரையைப் பார்த்த பக்கம், உள்ளன. இப்படி அமைந்த பலகையில் செர்ரி வடிவ ஆர்3 கீகேப்பின் உட்சுவர், முழுதும் அமுங்குவதற்கு முன்பே ஸ்விட்ச் கூட்டின் விளிம்பில் இடிக்கும். ஏ வரிசையை அழுத்தும்போது மட்டும் அமுங்கல் சற்றே குறைந்து, ஒலி மந்தமாகக் கேட்டால் காரணம் இதுதான். எல்லா ஸ்விட்ச்சிலும் இது நேராது, தண்டு நீளமானவற்றில் தப்பலாம். இருந்தாலும் விலை உயர்ந்த தொகுப்பை இந்தப் பலகைக்கென்று வாங்கும்முன் ஒரே ஒரு ஆர்3 கீகேப்பைக் கடன் வாங்கியாவது சோதிப்பது நல்லது. ஜெர்மனியின் ஜிஎம்கே தொகுப்புகள் செர்ரி வடிவம், ஏபிஎஸ், சுவர் ஏறத்தாழ 1.5 மி.மீ. தடிமன், எழுத்தோரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை. விலை நூறு டாலருக்கு மேல் போகும். அழகில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மினுமினுப்பை வெறுத்து மாற்றுகிறவர் மறுபடியும் ஏபிஎஸ்ஸுக்கே போவதில் அர்த்தம் இல்லை.

எக்ஸ்டிஏ வடிவம் கே2-வுக்கு மிகவும் ஒத்துப்போவது இந்த இடத்தில்தான். எல்லா வரிசையும் ஒரே உயரம், சுமார் 9 மி.மீ., ஒரே வட்டக்குழி. ஹோமை எங்கே வைத்தாலும் சரியாக உட்காரும். விளக்கின் முறையை மாற்றும் கீக்குப் பெரும்பாலான தொகுப்புகளில் தனிக் கீகேப் வராது, இங்கே மீதியுள்ள ஏதாவது 1யூவை அதில் போடலாம். விளிம்பு இடிக்கும் தொல்லையும் இல்லை. பொதுவாக 120-க்கு மேல் கீகேப்புகள், 1.75 ஷிஃப்டும் 1யூ கன்ட்ரோல், ஆல்ட், எஃப்என்னும் சேர்ந்தே வரும், பொருள் பிபிடி, அதாவது ஏபிஎஸ் போல் எளிதில் மினுங்காத பிளாஸ்டிக். தலைப்பரப்பு அகலமானது, விரல் வழுக்காது. ஒரு குறை சொல்ல வேண்டும்: சாய்வு இல்லாததால் எண் வரிசையை எட்டக் கை கொஞ்சம் நீள வேண்டியிருக்கும். பழக ஒரு வாரமாவது ஆகும். வரிசை வித்தியாசத்தை விரலால் உணர்ந்து தட்டச்சு செய்பவருக்கு இது பிடிக்காமலும் போகலாம்.

பிபிடி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே தரம் அல்ல. கீகேப்பைத் திருப்பி உட்புறம் பாருங்கள். இரண்டு நிறப் பிளாஸ்டிக் தெரிந்தால் அது டபுள்ஷாட், அதாவது எழுத்தைத் தனிப் பிளாஸ்டிக்காக வார்த்தது, எழுத்து அழியவே அழியாது. உட்புறம் ஒரே நிறமாக இருந்து, மேலே நகத்தால் வருடினால் எழுத்தில் மேடு தட்டுப்படாவிட்டால் டை-சப், அதாவது சூட்டால் சாயம் ஏற்றியது, ஆக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிர் நிறப் பிளாஸ்டிக்கில் சாயம் ஊடுருவி இருக்கும், அதுவும் நீடிக்கும். நகத்தில் மேடு தட்டுப்பட்டால் மேலே அச்சடித்தது. அதைத் தவிர்த்துவிடுங்கள். டை-சப் கீகேப் ஒளியை ஊடுருவ விடாது. எழுத்தின் ஊடாக விளக்கு தெரிய வேண்டுமென்றால் ஒளி கசியும் டபுள்ஷாட் ஓஈஎம் தொகுப்புதான் வழக்கமான வழி. அதிலும் 1.75 ஷிஃப்ட், ஆர்3 ஹோம், ஆர்4 எண்ட் மூன்றும் இருக்கிறதா என்று சரிபார்த்தாக வேண்டும்.

பிபிடியின் பழைய நோய் ஸ்பேஸ்பார் வளைவு. வார்ப்பில் ஆறும்போது இந்தப் பிளாஸ்டிக் ஏபிஎஸ்ஸைவிட அதிகம் சுருங்கும், நீளமான துண்டில் அது வில்லாக வெளிப்படும். பெட்டியைப் பிரித்ததும் ஸ்பேஸ்பாரைக் கண்ணாடி மேசையில் வைத்து இரு முனையையும் மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் வளைவு. நன்றாகச் சூடான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்து, எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒரே மூச்சில் பலமாக வளைக்காதீர்கள், தண்டு இடம் பெயரும். பெரிதாக வளைந்திருந்தால் திருப்பி அனுப்புவதே மேல்.

பழைய கீகேப்புகளைக் கழற்றும்போது பிளாஸ்டிக் வளையக் கருவியை ஒதுக்கிவிட்டு, இரண்டு கம்பிகள் கொண்ட கருவியைப் பயன்படுத்துங்கள். வளையம் பக்கச்சுவரைக் கீறும். கம்பியை எதிரெதிர் மூலைகளில் மாட்டி, நேர்மேலே இழுக்க வேண்டும். ஸ்பேஸ்பாரை ஒரு முனையில் மட்டும் பிடித்து இழுத்தால் நீளக் கீ ஆடாமல் தாங்கும், அடியிலுள்ள ஸ்டெபிலைசர் கம்பி கொக்கியிலிருந்து கழன்றுவிடும். நடுவிலும் இரு முனைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். 6.25யூவில் இரு முனைத் தண்டுகளுக்கு இடைவெளி 100 மி.மீ. புதிய ஸ்பேஸ்பார் உட்கார மறுத்தால் அடித்து இறக்காமல் அளவுகோலால் அதை அளந்து பாருங்கள். தண்டு தளர்வாக இருந்து கீகேப் கையோடு வந்தால், மெல்லிய பாலிதீன் துணுக்கைத் தண்டின் மேல் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

ஒரே உயரத் தொகுப்பில் வரிசை மாறியதை விரல் தானாக அறியாது என்பதால், எஃப், ஜே கீகளின் மேடு நன்றாகப் புடைத்திருக்க வேண்டும். தமிழ்99-இல் தட்டச்சு செய்பவருக்கு அந்த இரண்டும் ஃ, ப. சில தொகுப்புகளில் மேட்டுக்குப் பதிலாகக் குழியை மட்டும் ஆழமாக்கியிருப்பார்கள். எக்ஸ்டிஏவில் அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரிவதே இல்லை, எனவே கோடு போல் மேடு உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.