தாவர செல் பாடம்: புக் படமா, வெங்காயத் தோலா, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் போட்டோவா?

பிளஸ் ஒன் பசங்களுக்கு பாட்டனி எடுக்குறேன், தாவர செல் பாடம் வந்தா இந்த மூணுல எதை முதல்ல காட்டுறதுனு எனக்கு எப்பவும் ஒரு யோசனை ஓடும்.

புக் படம் எக்ஸாமுக்கு வசதி, அவ்ளோதான். அதுல அளவே சரியா இருக்காது. 50 மைக்ரோமீட்டர் செல்லை நோட்ல 10 சென்டிமீட்டருக்கு வரையுறோம்னா 2000 மடங்கு பெருசாக்குறோம், அந்தக் கணக்குக்கு புரதம் செய்யுற 25 நானோமீட்டர் ரைபோசோம் 0.05 மில்லிமீட்டர்தான் வரணும், ஆனா நாம பேனாவால குத்துற புள்ளியே அதைவிட பல மடங்கு பெருசு.

வெங்காயத் தோல் வேற ரகம். அவங்களே உரிச்சு, அயோடின் விட்டு, செல் சுவரையும் நியூக்ளியஸையும் சொந்தக் கண்ணால பார்க்குறாங்க, அந்த சந்தோஷத்துக்கு ஈடே இல்ல. பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்) அதுல கிடையாது, அதுக்கு ஹைட்ரில்லா இலை வைங்க, பச்சை பச்சையா நகர்றதே தெரியும். ஆனா சாதா மைக்ரோஸ்கோப்ல சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுப் பார்க்க முடியாது, செல் சவ்வோ ஏழெட்டு நானோமீட்டர்தான்.

அங்கதான் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் போட்டோ வேணும். ஒரு இலை செல் போட்டோவை பாகம் குறிக்காம பிரிண்ட் போட்டுக் கொடுத்தா முதல் கேள்வியே "சார், நடுவுல ஏன் ஒண்ணுமே இல்ல?"னு வரும். அதுதான் வாக்குவோல், செல்லுக்குள்ள இருக்குற தண்ணிப் பை மாதிரி, அது எல்லாத்தையும் ஓரத்துக்குத் தள்ளி பசுங்கணிகமெல்லாம் சுவரோட ஒட்டிக் கிடக்கும், உள்ள கிரானாங்கற தட்டு அடுக்குகள் காசு அடுக்குன மாதிரி, பக்கத்துல ஸ்டார்ச் வெளுப்பா. இவ்ளோ இடம் வாக்குவோலுக்குனு நான் வாயால எத்தனை தடவை சொன்னாலும் இப்படி மனசுல நிக்காது.

குழப்பமும் இதுலதான் வரும். போட்டோல செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியா ஒண்ணு வட்டமா இருக்கும், இன்னொண்ணு நீளமா இருக்கும், பசங்க ரெண்டும் வேற வேறனு நினைப்பாங்க, சில போட்டோல நியூக்ளியஸே இருக்காது. இது 100 நானோமீட்டருக்கும் மெல்லிசான ஒரு சீவல்ங்கறதை முதல்லயே சொல்லிடணும். நான் ரெண்டு வெண்டைக்காய் கொண்டுபோய் ஒண்ணைக் குறுக்கவும் இன்னொண்ணை நீளவாக்குலயும் வெட்டிக் காட்டுவேன், டக்குனு புரிஞ்சுடும். கலர் போட்டோனா அது பின்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்துனது, ஒரிஜினல் கருப்பு வெள்ளைதான், அதையும் சொல்லுங்க. வேக்குவம்ல பார்க்குறதால செல்லுக்கு உயிரும் இருக்காது, அந்த ஹைட்ரில்லா ஓட்டத்தை இதுல காட்டவே முடியாது.

அதனால என் வரிசை வெங்காயம், ஹைட்ரில்லா, அப்புறம் போட்டோ, புக் படம் கடைசி. போட்டோ தேர்ந்தெடுக்கும்போது ஸ்கேல் பார் (நிஜ அளவு காட்டுற சின்னக் கோடு) இருக்கறதா பார்த்து எடுங்க, "8000 மடங்கு"னு மட்டும் போட்டிருந்தா பிரிண்ட்ல சின்னதாவோ பெருசாவோ ஆனதும் அந்த நம்பர் தப்பாயிடும், பார் படத்தோடவே சேர்ந்து மாறும். 1 மைக்ரோமீட்டர்னு போட்ட பாரை ரூலர் வச்சு அளந்தா 2 சென்டிமீட்டர், பசுங்கணிகம் 10 சென்டிமீட்டர்னு வந்தா அது 5 மைக்ரோமீட்டர், பசங்களே அளந்து சொல்லிடுவாங்க.