புறாமலை என்று சொல்லி வேறு ஒரு பாறையைக் காட்டிவிட்டார்கள். திருகோணமலை போகிறவர்கள் வாசியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரையோ சிநேகிதரையோ கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போகிற யோசனை இருந்தால் இதை வாசித்துவிட்டு வெளிக்கிடுங்கள். எங்களுக்கு 36,000 ரூபாவும் ஒரு முழு நாளும் போனது. காசைவிட, நடுக்கடலில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்த அந்த இருபத்தைந்து நிமிடங்களை நினைத்தால்தான் இப்பவும் கை நடுங்குகிறது.

என் பள்ளிக்கூடச் சிநேகிதி ரொறொன்ரோவிலிருந்து மகனோடு வந்திருந்தாள். அவனுக்கு இலங்கையில் ஒரே ஒரு ஆசைதான், சுறா பார்க்க வேண்டும். கடலுக்குள் இருக்கிற புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில், செட்டை நுனி கறுப்பாக இருக்கும் சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரிலேயே சுற்றும், அவை மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும் என்று வீடியோ பார்த்து எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தான். முதல் இரண்டு நாளும் நல்லாகத்தான் போனது. கோணேசர் கோயில், கோட்டைக்குள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கிற மான்கள், கன்னியாவின் ஏழு கிணறுகள். கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு என்று அவன் ஒவ்வொன்றிலும் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தான்.

இரண்டாம் நாள் பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் இருக்கும்போது ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பட அல்பம். ஆமை, சுறா, பவளம், சிரிக்கிற வெள்ளைக்காரர்கள். "நீங்க எந்த ஊர் அக்கா?" என்றார். யாழ்ப்பாணம், இப்போது வெள்ளவத்தை என்றேன். "அப்ப நம்மட ஆக்கள்தானே, அவங்களுக்குச் சொல்ற விலையை உங்களுக்குச் சொல்லுவனா?" அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். ஒரு ஊருக்குப் போய் நம்முடைய பாஷையில் யாராவது அன்பாகக் கதைத்தால் கணக்குப் பார்க்கிற புத்தி எங்கேயோ ஓடிவிடுகிறது. அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டிருந்தால் நான் நாலு இடத்தில் விசாரித்திருப்பேன், அது எனக்கே தெரியும்.

ஆளுக்கு 12,000. படகு, தேசியப் பூங்கா டிக்கட், தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடி, குழாய், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அதற்குள். கொஞ்சம் கூட இருக்கிறதே என்றதற்கு, கனடாப் பாஸ்போர்ட்காரருக்கு டிக்கட் உள்ளூர் ஆட்களைவிடப் பல மடங்கு, அதுதான் என்றார். அது உண்மை. பொய்யை மட்டும் சொல்லியிருந்தால் பிடித்திருப்போம், உண்மையை நடுவில் வைத்துச் சுற்றிவரப் பொய்யைக் கட்டினார். காலையில் டிக்கட் எடுக்க முன்கூட்டியே காசு கட்ட வேண்டும் என்றும் சொன்னார். சிநேகிதி முழுக் காசையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தாள். ரசீது கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். படகு வந்தது பதினொன்றேகாலுக்கு. அவர் வரவில்லை, இருபது வயதுகூட ஆகாத ஒரு பெடியனை அனுப்பியிருந்தார். ஃபைபர் படகு, அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர். மூன்று பேருக்கு லைஃப் ஜாக்கெட் இரண்டு, இரண்டும் பெரியவர்களுக்கானவை, ஒன்றில் கொளுவி இல்லை. சிநேகிதி தன்னுடைய சால்வையால் மகனுக்கு அதைச் சுற்றிக் கட்டினாள். அந்த இடத்திலேயே இறங்கி வந்திருக்க வேண்டும். பிள்ளை முகத்தைப் பார்த்தால் மனம் வரவில்லை.

கால் மணித்தியாலம் போய் ஒரு பாறைக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தினான். "இதுதான் புறாமலை. இன்றைக்கு இறங்க விடமாட்டினம், பின்பக்கத்தில குளியுங்கோ" என்றான். தண்ணீர் கலங்கியிருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. கல்லும் மணலும் நாலைந்து சின்ன மீன்களும்தான். "புறா எங்கே ஆன்ட்டி?" என்று பிள்ளை கேட்டான். பாறையில் இரண்டு காகம் இருந்தது. மத்தியானச் சாப்பாடு என்றது ஆளுக்கு ஒரு ரோல்ஸ்.

திரும்பி வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. வருடத்தின் நடு மாதங்களில் கிழக்கில் வீசுவது கச்சான், அது கரையிலிருந்து கடல் பக்கமாகத் தள்ளுகிற காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக, அமைதியாகத் தெரியும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. எஞ்சின் இல்லாத படகை அது சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். கரையில் இருந்த தென்னைகள் சின்னதாகிக்கொண்டே போயின. பெடியன் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போனான். அவனிடம் துடுப்பும் இல்லை, அவனுடைய ஃபோனில் சார்ஜும் இல்லை. கடைசியில் அந்த வழியால் வந்த ஒரு மீன்பிடிப் படகுக்காரர் கயிறு எறிந்து இழுத்துக்கொண்டு வந்தார். காசு நீட்டினால் வாங்கவில்லை. பெடியனுக்குத்தான் நல்ல பேச்சு விழுந்தது.

கரைக்கு வந்து அந்த அல்பக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். புறாமலையில் ஏன் இறக்கவில்லை, டிக்கட் எங்கே என்று கேட்டால், "அக்கா, அதுவும் புறா வாற மலைதானே" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. ரசீது ஒன்றும் இல்லாமல் எங்கே போய் என்னவென்று முறையிடுவது?

நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாதான் விஷயத்தை விளங்கப்படுத்தினார். புறாமலை இருப்பது நிலாவெளிக்கு நேரே, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில். 2003ஆம் ஆண்டிலிருந்து அது தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. டிக்கட் கொடுப்பது நிலாவெளிக் கடற்கரையில் இருக்கிற அவர்களுடைய அலுவலகத்தில், நாங்களே நேரே போய் எடுக்கலாம். சரி, வந்ததுக்கு இன்னொரு தரம் முயற்சி செய்வோம் என்று அடுத்த நாள் விடியவே ஓட்டோ பிடித்துப் போனோம். என் அடையாள அட்டையையும் அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் காட்டினோம். தலைக்கு இவ்வளவு, அதற்கு மேல் குழுவுக்குச் சேவைக் கட்டணம், வரி என்று எல்லாம் ரசீதில் தனித்தனியாக இருந்தது. முதல் நாள் தீவு மூடியிருந்ததா என்று கேட்டேன். இல்லை, நாள் முழுக்கத் திறந்திருந்தது என்றார்கள்.

படகுக் காசு வேறு. அது ஆளுக்கு இவ்வளவு என்றில்லை, படகுக்கு இவ்வளவு. எங்களைப் போல இன்னொரு குடும்பம் நின்றது, சேர்ந்து ஏறினோம், பாதியாகப் பிரித்தோம். பிள்ளைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருந்தது. எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தால் முந்தின நாள் கொடுத்ததில் பாதியும் வரவில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு. காலை ஏழரைக்கு வெயிலும் இல்லை, சனமும் இல்லை. காலடியில் உடைந்த வெள்ளைப் பவளம். அதற்கு அப்பால் தண்ணீருக்குள் உயிரோடு இருக்கிற பவளத்தில் தயவுசெய்து மிதிக்காதீர்கள், எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இரண்டு பேர் அதில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் மூன்று சுறா போனது. பிள்ளை குழாயை வாயில் வைத்துக்கொண்டே கத்தினான், தண்ணீருக்குள் அது என்ன சொல் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஆகவே கடற்கரையில் யாராவது "டிக்கட்டும் சேர்த்து" என்றால் அந்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிக்கட்டை உங்கள் கையால் எடுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், அப்போதும் கூட்டிப்போகிறேன் என்று எவராவது சொன்னால் திரும்பி நடவுங்கள்.

அன்றைக்குப் பின்னேரம் உப்புவெளியில் அதே ஆளைப் பார்த்தோம். அதே அல்பம். ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார், அந்த மனுஷி கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். என் சிநேகிதி விறுவிறு என்று போய் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் பையை மூடினார்கள். அவர் எழும்பி, "ஏன் அக்கா வயித்தில அடிக்கிறீங்க?" என்றார். "என்ர 36,000ஐத் தாங்கோ, நான் போறன்" என்றாள் இவள். அவர் அல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த குடைப் பக்கம் நடந்தார்.