சாரத்துக்குத் தீத்தடுப்புப் பச்சை வலை: டபுள் விலைக்குத் தகுமா?

சென்னை பெருங்குடியில் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) ஐந்து மாடியுமாக ஒரு அப்பார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் சைட் இன்ஜினியர். சாரத்தைச் சுற்றிக் கட்டும் பச்சை வலையை இந்த முறை எஃப்ஆர் ரகத்தில் வாங்கினோம். நெருப்புப் பட்டாலும் சட்டென்று பரவாது என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான். சாதா வலையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு விலை.

ஓனர் முதலில் அசைந்து கொடுக்கவில்லை. 2025 நவம்பரில் ஹாங்காங்கில், தாய் போ பகுதியில் உள்ள வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பு எரிந்தது. வெளிச்சுவர் பராமரிப்பு வேலைக்காக மூங்கில் சாரமும் வலையும் கட்டியிருந்த ஏழு பிளாக்குகளுக்குத் தீ பரவி, 150க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அங்கே எடுத்த வலை மாதிரிகளில் சில தீத்தடுப்புச் சோதனையில் தேறவில்லை, ஜன்னல்களை மூடியிருந்த ஃபோம் பலகைகளும் தீயை வளர்த்துவிட்டன என்று செய்திகள் வந்தன. அந்த வீடியோவை ஓனரே எனக்கு அனுப்பி, “தம்பி, நம்ம வலை எந்த ரகம்?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கொட்டேஷன் வாங்கச் சொன்னார்.

வாங்கியது பாரிமுனையில் ஒரு சேஃப்டி சாமான் கடையில். முதல் லோடிலேயே தகராறு. ரோல் 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) என்று பில்லில் போட்டிருந்தார்கள். 150 சதுர மீட்டருக்கு 18 கிலோ இருக்க வேண்டும். கம்பி எடை போடும் தராசில் வைத்தால் பதினைந்தைக்கூடத் தொடவில்லை. கூடவே கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் 120 ஜிஎஸ்எம் வலைக்கானது. அப்படியென்றால் வந்த சரக்குக்கும் அந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். கடைக்காரர் “கம்பெனியில மாத்தி ஏத்திட்டாங்க சார்” என்றார். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார், வண்டி வாடகையையும் அவரே ஏற்றுக்கொண்டார். ஆனால் தராசு இல்லாத சைட்டில் இதை யார் கவனிப்பார்கள்?

மாற்றி வந்த வலையிலும் பழைய சாதா வலையிலும் ஒரு கை நீளத்துக்குத் துண்டு வெட்டி, மணல் குவியல் பக்கம் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் லைட்டரைப் பிடித்தோம். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். சாதா வலை பிடித்ததுமே மேலே ஏறிற்று. உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது, விழுந்த சொட்டும் மணலில் எரிந்துகொண்டிருந்தது. வலையைவிட அந்தச் சொட்டுதான் பயம், கீழே கான்கிரீட் போட முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகையும் அதில் தடவும் ஷட்டர் ஆயில் டப்பாவும் இருந்தால் என்ன ஆகும்? எஃப்ஆர் வலை சுருங்கிக் கருகியது. லைட்டரை எடுத்ததும் ஓரத்தில் கொஞ்சம் மினுக்கிவிட்டு அணைந்தது. மேஸ்திரி இன்னொரு முறை அவரே வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

அதற்காக நெருப்பே பிடிக்காது என்று நினைக்கக் கூடாது. லைட்டரைத் தொடர்ந்து பிடித்தால் எரியத்தான் செய்கிறது. வெல்டிங் பொறி பட்ட இடமெல்லாம் ஊசிக்கண் ஓட்டை. பால்கனி கைப்பிடி வெல்டிங் நடக்கும்போது வலைக்கு முன்னால் வெல்டிங் பிளாங்கெட் (பொறியைத் தாங்கும் கனத்த விரிப்பு) ஒன்றைத் தனியாகத் தொங்கவிடுகிறோம், வேலை முடிந்த பிறகும் ஒரு ஆள் அங்கேயே நிற்கிறார். இன்னொரு குறை: மேற்குப் பக்கம் அக்னி நட்சத்திர வெயில் முழுக்கக் காய்ந்த வலையில் ஒரு துண்டு வெட்டி மறுபடி பார்த்தேன். அணைந்தது, ஆனால் புதுசைப் போல உடனே இல்லை. வருடக்கணக்கில் இழுக்கிற வேலைக்கு ஒரே வலை போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டும்போது தீப் பாதுகாப்புக்கு விதிகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 18.3 மீட்டர் வரை உயர்மாடிக் கட்டடம் இல்லை. அதற்கு முன் சென்னையில் அந்த எல்லை 15.25 மீட்டராக இருந்தது. எங்களுடையதைப் போன்ற ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ் கட்டடங்கள் இப்படித்தான் கோட்டுக்குக் கீழே வந்தன. ஆனால் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்புக்கு 15 மீட்டரே உயர்மாடி. கட்டடம் எழும்பும்போதே 100 மி.மீ. டிரை ரைசர் (தீயணைப்பு வண்டி கீழிருந்து தண்ணீர் ஏற்றுவதற்கான காலிக் குழாய்), மாடிக்கு மாடி 2000 லிட்டர் தண்ணீரும் இரண்டு வாளியும், கீழே 20,000 லிட்டர் தொட்டி வேண்டும் என்கிறது அது. “நாமதான் ஹைரைஸ் இல்லையே” என்று இதைத் தட்டிக்கழிக்கிற பில்டர்கள் நிறைய. தீக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது. என்னைக் கேட்டால் முதல் காசை இந்தத் தண்ணீருக்குத்தான் போடுவேன், வலை அடுத்துதான். எப்படியும் கியூரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டை நனைத்து இறுக வைக்க, தண்ணீர் மேலே ஏற்றத்தானே போகிறோம்.

தனி வீடு, இரண்டு மாடி, வெளிப்பக்கம் வெல்டிங்கே இல்லை என்றால் இந்த வலை அவசியமில்லை. ஒட்டிப் பக்கத்து வீடு இருந்தாலோ, ஆள் குடியிருக்கும்போதே பெயின்டிங், ரிப்பேர் வேலைக்காகச் சாரம் கட்டினாலோ யோசிக்காமல் வாங்கலாம். வலையில் கயிறு கோக்கும் வளையங்கள் ஒரு மீட்டருக்கு ஒன்றாக இருப்பதால் காற்றில் ஓரம் படபடவென்று அடித்துக் கிழிகிறது. அரை மீட்டருக்கு ஒன்று வைத்துக் கொடுத்தால் பின்பக்கத்துக்கும் எடுப்பதாகக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் விலை கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.