பொடியா, சாணியா, ஆசிட்டா, லாரியா? டெல்டா வீட்டு செப்டிக் டேங்குக்கு எது தேவை

கார்த்திகை பிறந்துவிட்டால் டெல்டாவில் பிளம்பர்களின் போன் ஓயாது. தஞ்சாவூரானாலும் திருவாரூரானாலும் மயிலாடுதுறையானாலும் புகார் ஒன்றுதான்: ‘அண்ணே, தண்ணி ஊத்தினா இறங்க மாட்டேங்குது, கோப்பையிலேயே நிக்குது.’ வைத்தியம் மட்டும் ஆளுக்கு ஒன்று. பிள்ளைகள் ஆன்லைனில் பாக்டீரியா பொடிக்கு ஆர்டர் போடுகிறார்கள். வீட்டுப் பெரியவர் சாணியைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். ஹார்டுவேர் கடைக்காரர் ஆசிட் கேனை எடுத்து வைக்கிறார். கொத்தனார் ‘கசடு உறிஞ்சுற லாரியைக் கூப்பிடுங்க’ என்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துத் தொட்டிகளுக்குக் கிருமிப் பஞ்சம் கிடையாது. தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாததும், கசடை வருஷக்கணக்கில் எடுக்காமல் விடுவதும்தான் நோய். கிருமியை விற்கிற எந்தப் பொட்டலமும் இந்த இரண்டையும் தொடுவதில்லை.

தொட்டிக்குள் நடப்பது எளிய வேலை. கனமானது அடியில் படிந்து கசடாகிறது. எண்ணெய்ப் பசை மேலே மிதந்து ஏடாகிறது. நடுவில் தெளிந்து நிற்கும் தண்ணீர் டீ பைப் (T வடிவக் குழாய்) வழியாக அடுத்த அறைக்கும், அங்கிருந்து தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் போகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைத் தின்று குறைக்கின்றன. முழுக்கத் தின்று தீர்ப்பதில்லை. செரிக்காத நார், மணல், முடி எல்லாம் தங்கிவிடும். தோராயமாக ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 30 முதல் 40 லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில், 2000 லிட்டர் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு நிரம்ப மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். 1000 லிட்டர் தொட்டி என்றால் சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல்கள் சொல்வதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லையில் இருப்பது உண்மையிலேயே செப்டிக் டேங்க்தானா? பழைய வீடுகள் பலவற்றில் நாலைந்து சிமெண்ட் உறைகளை இறக்கி மேலே ஸ்லாப் போட்டிருப்பார்கள். அடியில் தளம் கிடையாது. அது வெறும் குழி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால் அதற்குள்ளும் தண்ணீர் ஏறும். அதற்கு மேல் எதைக் கொட்டினாலும் பயனில்லை.

மாதத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம்

வாங்குவதற்கு முன்னால் எந்த மாதத்தில் அடைத்தது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நின்று, மழை விட்டு வயல் தண்ணீர் வடிந்ததும் தானாகச் சரியானால், மண் குடிக்க மறுத்திருக்கிறது. சித்திரை வெயிலில் நின்றால் கசடு நிரம்பியிருக்க வேண்டும், அல்லது குழாயில் அடைப்பு. வீட்டில் இரண்டு கழிப்பறை இருந்து ஒன்றில் மட்டும் நிற்கிறதென்றால், தொட்டியைக் குறை சொல்ல வேண்டாம், அந்தக் குழாயைப் பாருங்கள். இந்த மூன்றில் எதற்கும் பாக்டீரியா மருந்தாகாது.

பாக்டீரியா பொடி

பாக்கெட்டின் மேல் சிரிக்கிற கார்ட்டூன் கிருமி இருக்கும். உள்ளே பெரும்பாலும் பேசில்லஸ் வகைக் கிருமிகளின் உறங்கும் வித்துகளும், கொழுப்பையும் மாவையும் உடைக்கும் என்சைம்களும் இருக்கும். பொய்ப் பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கிருமிகளில் பல காற்று இருந்தால்தான் தழைக்கும். தொட்டிக்குள் காற்றே இல்லை. அது போக, ஒரு கிராம் மலத்திலேயே பல்லாயிரம் கோடிக் கணக்கில் கிருமிகள் இருக்கின்றன. வீட்டார் தினமும் இலவசமாகக் கொடுப்பதை மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவதில் என்ன லாபம்?

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 48 வீட்டுத் தொட்டிகளை எடுத்துக்கொண்டு, கடையில் விற்கும் மூன்று பாக்டீரியா திரவங்களை ஊற்றியும் ஊற்றாமலும் ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2008-லும் 2011-லும் வெளியாயின. ஒழுங்காகப் பராமரித்த தொட்டிகளில் அவற்றால் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் நல்ல நிலையில் இருக்கும் தொட்டிக்கு இவை தேவையில்லை என்றே சொல்கிறது.

என்சைம் பக்கம் ஒரு கெடுதலும் உண்டு. மேலே ஏடாக நின்ற கொழுப்பை அது கரைத்துவிட்டால், கரைந்தது தெளிந்த நீரோடு சேர்ந்து உறிஞ்சுகுழிக்குப் போய் அங்கே மறுபடி உறையும். களிமண்ணில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத துளைகள்தான். அதுவும் பசையால் அடைபட்டால், தொட்டி சுத்தம், குழி பாழ்.

‘சிங்கப்பூரில் இருக்கோம், வீடு ஆறு மாசமா பூட்டிக் கிடக்கு, திறந்தா நாத்தம், பொடி போடலாமா?’ என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. கோப்பையிலும் தரை வடிகாலிலும் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துபோய், வாயு வீட்டுக்குள் வருகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். அப்படியும் நாறினால் காற்றுக் குழாயின் வலை கிழிந்திருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாணி, வெல்லம், ஈஸ்ட்

பெரியவர்களின் சாணி வைத்தியத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2470 விதிமுறையே, புதுத் தொட்டியை முதலில் தண்ணீரால் நிரப்பி, பழைய தொட்டியின் செரித்த கசடைக் கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் மக்கிய சாணியைக் கொஞ்சம் போடலாம் என்கிறது. மாட்டின் வயிற்றில் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் இருப்பதால்தான் சாண எரிவாயுக் கலனும் வேலை செய்கிறது. ஆக, கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு ஒரு வாளி சாணிக் கரைசல் ஊற்றினால் தப்பில்லை.

அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் மாதம் ஒரு வாளி சாணி என்பது மாதம் ஒரு வாளி வைக்கோல் நார். அதுவும் அடியில்தான் படியும். பொடியோடு ஒப்பிட்டால் செலவு இல்லை; கசடு கூடும்.

வெல்லமும் ஈஸ்டும் வீடியோக்களில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு விடும். கழிவில் அதற்குத் தின்ன அதிகம் ஒன்றும் இல்லை. கூடவே போட்ட வெல்லத்தைத் தின்றுவிட்டு அடங்கிவிடும். அந்தக் குமிழிகள் அடியில் படிந்த கசடைக் கிளப்பிவிட்டால் அது வெளியே போகும் தண்ணீரோடு சேரும். வெல்லத்தைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட், பிளீச்சிங், கல் உப்பு

இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. கோப்பையைக் கழுவ வழக்கமாக ஊற்றும் அளவு தண்ணீரில் கரைந்துபோகும். தொட்டி அதைத் தாங்கும். ‘கசடு கரையட்டும்’ என்று கேன் கணக்கில் ஊற்றினால், வேலை செய்யும் கிருமிகளும் போகும், சிமெண்ட் பூச்சும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிப்பறையில் அது உயிருக்கு ஆபத்து. மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சிலரிடம் உண்டு. உள்ளே இருப்பது மீத்தேன் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கல் உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து, குழைத்து, துளைகளை மூடிவிடும். கடல் நீர் புகுந்த வயலில் தண்ணீர் இறங்காமல் நிற்பதை வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். உறிஞ்சுகுழிக்கு அதே கதியை நாமே தேடிக்கொள்ள வேண்டுமா?

‘கிளீனிங்கே தேவையில்லை’ பயோ டேங்க்

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது இதுதான் சபலம். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ., உறைபனிப் பகுதிகளில் இருக்கும் ராணுவத்துக்காக உருவாக்கிய பயோ டைஜஸ்டர் (கிருமிகளால் கழிவைச் செரிக்கும் தொட்டி) நல்ல தொழில்நுட்பம். ரயில் பெட்டிகளிலும் அதன் வழி வந்த கழிப்பறைகள் இருக்கின்றன. ஆனால் சந்தையில் ‘பயோ’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் தொட்டியெல்லாம் அது ஆகிவிடாது. எந்தத் தொட்டியிலும் மணலும் முடியும் கரையாது. பத்து வருஷம் திறக்கவே வேண்டாம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

டெல்டாவில் இதற்கு இன்னொரு கண்டமும் உண்டு. 1000 லிட்டர் தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் முழுக்க ஏறினால், அது தொட்டியை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய ஒரு டன். காலித் தொட்டியின் எடையோ சில பத்து கிலோ. கான்கிரீட் தளம் போட்டு அதோடு கட்டி வைக்காத தொட்டி மழைக்காலத்தில் காலியானால் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரலாம். செங்கல், சிமெண்டில் இரண்டு அறையாகக் கட்டிய தொட்டிக்கு இந்தப் பயம் வெகு குறைவு. நம் மண்ணுக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

தண்ணீர் எங்கே போகும்?

பொடிக்கும் சாணிக்கும் நடக்கும் சண்டையில் யாரும் பேசாத விஷயம் இதுதான். நம் மண் வண்டல் களிமண். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் வெண்ணாற்றிலும் அரசலாற்றிலும் தண்ணீர், பிறகு சம்பா வயலில் நிற்கும் தண்ணீர், அதன் மேல் வடகிழக்குப் பருவமழை. இந்த மண்ணில் ஆழக் குழி தோண்டி ஜல்லி கொட்டி ‘உறிஞ்சு’ என்றால் எப்படி உறிஞ்சும்?

ஐ.எஸ். 2470-இன் இரண்டாம் பகுதி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மண் இறுகிய களியாக இருந்து, சோதனைக் குழியில் தண்ணீர் 25 மி.மீ. இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆகி, நிலத்தடி நீரும் 1.8 மீட்டருக்குள் இருந்தால், உறிஞ்சுகுழி வேண்டாம்; தரைக்கு மேலே, அல்லது பாதி மேலே வரும்படி வடிகட்டி கட்டச் சொல்கிறது. நம் கொத்தனார்கள் ஊர் பேதமில்லாமல் ஒரே குழியைத் தோண்டுகிறார்கள். மேட்டு நிலத்து வழக்கம் பள்ளத்துக்கு வந்துவிட்டது.

செய்யக்கூடியது இது. தொட்டியின் வெளிக்குழாயை ஜல்லி நிரப்பிய மேல்நோக்கு வடிகட்டி அறைக்கு (தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறி வடிகட்டும் அறை) விட்டு, அங்கிருந்து தரை மட்டத்துக்கு மேல் எழுப்பிய, கல்வாழை நட்ட ஜல்லிப் பாத்திக்கு விடலாம். குடிதண்ணீர்க் கிணறும் அடிபம்பும் 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இவ்வளவு செய்ய இடமோ பணமோ இல்லாதவர்கள் தொட்டிக்குள் போகும் தண்ணீரையாவது குறைக்கலாம். குளியல், துணி துவைக்கும் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்புங்கள். கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீர் குழியின் மேல் கொட்டாமல் தள்ளிவிடுங்கள். ஃப்ளஷ் டேங்கில் ராத்திரி முழுக்கக் கசியும் வாஷரை மாற்றுங்கள். மழை மாதத்தில் இந்த மூன்றும் எந்தப் பொடியையும்விட வேலை செய்யும்.

லாரி

ஒரு பேச்சுக்கு மாதம் 200 ரூபாய்ப் பொடி என்று வைத்தால் மூன்று ஆண்டில் 7200. லாரி வாடகை ஊருக்கு ஊர், லோடுக்கு லோடு மாறும் என்றாலும், அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்தால் லாரி வரும் நாளில் கை கடிக்காது. பொடி போட்டாலும் லாரி வேண்டும் என்பதால் இந்த ஒப்பீட்டில் லாரிக்குப் போட்டியே இல்லை. எப்போது கூப்பிடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை கூப்பிடுங்கள். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். லாரியும் சேற்றில் சிக்காமல் கொல்லைப் பக்கம் வரும். கார்த்திகையில் காலி செய்தால், விரிசல் விட்ட தொட்டியில் வெளித் தண்ணீரே இரண்டு நாளில் நிரம்பும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதக்கும். மழை மாதத்தில் கூப்பிட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் பாதி மட்டும் உறிஞ்சச் சொல்லுங்கள். எந்த மாதமானாலும் இரண்டு அறையையும் திறக்கச் சொல்லுங்கள். மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு கிளம்பும் ஆட்களும் உண்டு. டீ பைப் உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும், அது இல்லாவிட்டால் ஏடு நேராகக் குழிக்குப் போகும். தொட்டியைக் கழுவித் துடைக்க வேண்டாம். சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சமே அடுத்த சுற்றுக்கான விதை. பொடி விற்கிறவர் அதற்கும் ஒரு பாக்கெட் வைத்திருப்பார்.

‘ஒரு ஆள் இறங்கி அடியில இருக்கிறத வாளியில அள்ளிடுவான்’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். தொட்டியில் நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லை என்று இறங்கியவர் மேலே வருவதில்லை, காப்பாற்ற இறங்கியவரும் வருவதில்லை. கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் இதில் மாட்டுவார். சாவு நேர்ந்தால் இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியிருக்கிறது. நகரப் பகுதியில் இயந்திரச் சுத்தத்துக்கும் புகாருக்கும் 14420 என்ற எண் இருக்கிறது.

லாரிக்காரரிடம் வாடகை பேசும்போதே, உரிமம் இருக்கிறதா, லோடை எங்கே இறக்குகிறார்கள் என்று கேளுங்கள். திருச்சியில் மாநகராட்சியின் கழிவுநீர் நீரேற்று நிலையங்களில் லாரிகள் இறக்க இடம் இருக்கிறது. அது பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. உங்கள் ஊருக்கு அப்படி எந்த இடம் என்று நகராட்சியிலோ பேரூராட்சியிலோ விசாரித்துக்கொள்ளலாம். ‘இருட்டினப்புறம்தான் வருவோம், எங்க கொட்டுறோம்னு நீங்க ஏன் கேக்குறீங்க’ என்றால் வேறு லாரி பாருங்கள்; அந்த லோடு பக்கத்து வாய்க்காலுக்குத்தான் போகப் போகிறது.